பங்குக்குப் பத்தாத குருவி

எங்கள் காகெரோரிக் குருவிக்கு உடம்பு தேறிவிட்டது என்று உலகம் ஒப்புக்கொண்ட வாரத்தில்தான் நாங்களே அதன் கழுத்தைத் திருகப் பார்த்தோம். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கும் இப்போது சிரிப்புதான் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

என் பெயர் அகாயிதி. பசிபிக் கடலில் கிடக்கிற ராரோதோங்கா தீவின் தெற்குப் பக்கம் இருக்கிற வாய்மாரு பள்ளத்தாக்குக்கு நான் காவல்காரி. காவல் என்றதும் துப்பாக்கியும் தொப்பியும் கற்பனை பண்ண வேண்டாம். ஒரு வாளி, அதில் எலி மருந்து, அவ்வளவுதான் என் ஆயுதம். காகெரோரி உள்ளங்கைக்குள் அடங்குகிற குருவி. குஞ்சாக இருக்கும்போது ஆரஞ்சு நிறம், நாலு வயதானால் சாம்பல் நிறம். ஓடைக்கு மேலே நீண்ட கிளையில் பாசியை வைத்துக் கூடு கட்டும். இரண்டு முட்டை இடும். கப்பலில் வந்து இறங்கிய எலிகள் அந்த இரண்டையும் தின்றே இனத்தை முடித்துவிட இருந்தன. நான் வேலைக்குச் சேர்ந்தபோது தீவிலிருந்த மொத்தக் குருவிகளையும் ஒரு பள்ளிக்கூட வகுப்பில் உட்கார வைத்துவிடலாம். உலகப் பட்டியலில் அதன் பெயருக்கு எதிரே ‘அழிவின் விளிம்பில்’ என்று போட்டிருந்தது.

எலி ஏறாமலிருக்க மரத்துக்கு மரம் தகரம் சுற்றினோம். வாரம் தவறாமல் மருந்து வைத்தோம். சில வருஷங்களில் அது ‘அழியும் ஆபத்தில்’ ஆயிற்று. போன அக்டோபரில் இன்னொரு படி தேறி, ‘எளிதில் பாதிக்கப்படக்கூடியது’ என்று ஆயிற்று. கேட்பதற்கு என்னமோ திட்டுகிற மாதிரி இருந்தாலும், எங்கள் வேலையில் அது பரிசு. அந்தச் செய்தி வந்த அன்று சமையலறையில் தனியாக ஆடினேன். எனக்கு ஆட வராது என்பார் என் கணவர். நல்ல வேளை, அவர் மீன் பிடிக்கப் போயிருந்தார்.

மறுநாளே ஆக்லாந்திலிருந்து போன் வந்தது. மருந்துக்கும் ஆட்கூலிக்கும் பணம் தருகிற சங்கத்துக்காரர் வாயாரப் பாராட்டினார். பாராட்டி முடித்துவிட்டு, வருகிற வருஷத்திலிருந்து அந்தப் பணம் வேறொரு தீவின் கிளிக்குப் போகும் என்றார். கிளியின் நிலைமை இன்னும் மோசமாம். தேறினவனுக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடையாது என்பது நியாயம்தான், நான் சண்டை போடவில்லை. ஆனால் குருவி ஒரு படி தேறிவிட்டது, இனி நீங்கள் முட்டையைத் தொடக் கூடாது என்று எலிகளிடம் யார் போய்ச் சொல்வது? என்னோடு மலை ஏறிய இரண்டு பேருக்கும் வருஷக் கடைசியோடு வேலை இல்லை. ஒரு பருவம் மருந்து வைக்காமல் விட்டால் போதும், பட்டபாடு எல்லாம் பாழ். இனி யார் வாளி தூக்குவார்கள் என்ற கவலையோடுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனேன்.

எங்கள் குலத்தலைவர் தராரே என் பெரியப்பா மகன். தங்கமான மனிதர், ஆனால் அவர் வாயில் சின்னச் செய்தி என்று ஒன்று கிடையாது. கோழி முட்டை இட்டதைச் சொன்னால்கூட நமக்குக் கண் கலங்கும். அக்டோபர் கடைசியில் ஊருக்கு ஊர் போட்டி போட்டுக்கொண்டு வேதாகம நாடகம் நடத்துவோம். அதில் இருபது வருஷமாக எங்கள் ஊர் மோசே அவர்தான். குருவிச் செய்தியை ஊருக்கு நானே சொல்கிறேன் என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். குருவிக்குத் தேவலை, ஆனால் வேலை தொடர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். நன்றாகத் தலையாட்டினார்.

ஆராதனை முடிந்து முற்றத்தில் அவர் பேசியபோது நான் பின்பக்கம் மண்ணடுப்பைப் பிரித்துச் சேப்பங்கிழங்கு எடுத்துக்கொண்டிருந்தேன். கைதட்டல் மட்டும் கேட்டது. பரவாயில்லையே, நன்றாகச் சொல்லிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது இது, எனக்கு மறுநாள்தான் தெரியவந்தது: ‘நிலம் ஓய்ந்தது. மூடியது பெருகியது. கொடுத்தவருக்கு நன்றி.’ வெளியூர்க்காரர் கேட்டால் என்ன அழகான வார்த்தை என்பார். எங்கள் ஊரில் பல் முளைக்காத குழந்தைக்குக்கூட அதன் பொருள் தெரியும். ராவுயி திறக்கும்போது சொல்கிற வார்த்தை அது. கடற்கழியில் மீனோ சிப்பியோ குறைந்துபோனால் தலைவர் தென்னங்கீற்றைக் கட்டித் தடை போடுவார், அதற்குப் பெயர் ராவுயி. பெருகும்வரை ஒருவரும் கை வைக்கமாட்டோம். பெருகியதும் அந்த மூன்று வாக்கியத்தைச் சொல்லித் தடையை எடுப்பார். விடிந்தால் ஊரே கூடையோடு இறங்கும். வாய்மாருவையும் தராரேயின் அப்பா அப்படித்தான், ஓடைத்துறையில் கீற்றுக் கட்டி மூடினார். அவர் மகனே நின்று ‘மூடியது பெருகியது’ என்றால் ஜனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்? நான் முற்றத்தில் இருந்திருந்தால் நானும் வீட்டுக்குப் போய்க் கூடையைத்தான் தேடியிருப்பேன்.

திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் வாளியோடு ஓடைத்துறைக்குப் போனால், மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. பெண்கள் கூடையோடு, ஆண்கள் வெட்டுக்கத்தியோடு. நாடகத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான். மாலைக்கு மாயிரே இலை வேண்டும், அந்த வாசனை இல்லாவிட்டால் எங்களுக்கு அது மாலையே இல்லை. மூடிக் கிடந்த பள்ளத்தாக்கில் மாயிரே பாய் விரித்த மாதிரி மண்டிக் கிடந்தது. அதோடு மேடையில் செங்கடல் இரண்டாகப் பிளப்பதற்குக் கம்பும் பலகையும் வேண்டும். போன வருஷம் பக்கத்து ஊர்க்காரர்கள் நோவாவின் பேழையை ஆளுயரத்துக்குக் கட்டி எங்கள் மானத்தை வாங்கியிருந்தார்கள். இந்த வருஷம் விடுவதாக இல்லை. என் சித்தப்பா மகன் போகோ மரமறுக்கும் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். நல்ல தச்சன். அவன் வாயும் ஒரு வாள்தான்.

கூடு கட்டுகிற மாதம் அது. ஏறக்குறைய எல்லாக் கூட்டிலும் முட்டை இருந்தது. இத்தனை பேர் கிளையை வெட்டிக்கொண்டு உள்ளே போனால் தாய்க்குருவிகள் எழுந்து பறந்துவிடும், முட்டை ஆறிப்போகும். நான் நேராகப் போகோவிடம் போனேன்.

“மெஷினைக் கீழ வை போகோ.”

“எதுக்குக்கா? தலைவர் திறந்துட்டாரு. உன் குருவிக்கு ஒண்ணும் இல்லைன்னு உலகமே சொல்லுதாம். பதினஞ்சு வருஷமா எங்க நிலத்துக்குள்ள நீயும் உன் ஆளுங்களும்தான் போறீங்க, வர்றீங்க. நாங்க வேலிக்கு வெளிய நின்னு எட்டிப் பார்த்தது போதும்.”

சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவன் சொன்னதில் பொய் இல்லை. தலைவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார், எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று நான் கத்தியிருக்கலாம். யார் கேட்பார்கள்? திறந்த ராவுயியை நினைத்த மாத்திரத்தில் மூட முடியாது. மூடினால் பக்கத்து ஊர் பத்து வருஷத்துக்கு எங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே தராரே மூடமாட்டார். வழக்கத்தை எதிர்த்து ஜெயிக்க முடியாது, வழக்கத்துக்குள்ளேயே ஏதாவது வழி பார்க்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

தலைவர் முதல் பங்கு பிரித்தாரா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார்கள். தலைவர் வந்து, வீட்டுப் பெயர்களைக் கூப்பிட்டுப் பங்கு வைக்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. கடலில் என்ன கட்டுப்பாடோ மலையிலும் அதேதான். போகோ முணுமுணுத்துக்கொண்டே மெஷினைக் கரையோர மரத்தில் சாய்த்து வைத்தான். தலைவரின் மனைவி நூரோவா அண்ணி, மாலை கட்டுகிற பெண்களுக்கெல்லாம் தலைவி, ஊரிலேயே பெரிய கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். வெயில் ஏறினால் இலை வாடிவிடும், போய் அந்த மனுஷனைச் சீக்கிரம் கூட்டிக்கொண்டு வா என்று என்னை விரட்டினாள்.

தராரே கண்ணாடி முன்னால் நின்று மோசேயின் தாடியை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் தாடியைவிட வெளுத்துப்போயிற்று. சொன்னதன் பொருள் அவருக்கே அப்போதுதான் உறைத்தது. அப்பா சொல்லிக் கேட்ட வார்த்தை, நன்றி சொல்வதற்கு அதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை என்றார். அதைக் கேட்டதும் என் கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் பேசினேன்.

“சொன்னதைத் திருப்பி வாங்க முடியாது அகாயிதி. இப்ப என்னை என்ன பண்ணச் சொல்றே?”

“திருப்ப வேணாம்ணே. திறந்தது திறந்ததாவே இருக்கட்டும். வந்து பங்கு போடுங்க.”

“எதைப் பங்கு போட?”

“எதை மூடினாங்களோ அதை. உங்கப்பா இலைக்கா கீத்து கட்டினாரு? குருவிக்குக் கட்டினாரு. பெருகினதும் குருவிதான். அதைப் பங்கு போடுங்க.”

வாதம் பண்ணுவதில் எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் இதில் ஓட்டை எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. கூடு இருக்கிற இடத்தை நீ சொல்லு, வீட்டுப் பெயரை நான் கூப்பிடுகிறேன் என்று என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார். ஊரில் எத்தனை வீடு என்பது அவருக்குத் தெரியும். பள்ளத்தாக்கில் எத்தனை கூடு என்பது எனக்குத்தான் தெரியும். வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

தாடியைக் கழற்ற மறந்துவிட்டு வந்து நின்ற தலைவரைப் பார்த்து ஓடைத்துறையே சிரித்தது. அவர் அசரவில்லை. பாறைமேல் ஏறி நின்று, மூடிய பொருளைத்தான் முதலில் பங்கு வைக்க வேண்டும், மூடிய பொருள் காகெரோரி, வீட்டுக்கு ஒரு ஜோடி என்று அறிவித்தார். சிரிப்பு நின்றது. தின்பதற்கா என்று போகோ கேட்டான், ஒரு பல்லுக்குக்கூடக் காணாதே என்றான்.

“தின்னாலும் சரி, வளர்த்தாலும் சரி. உன் பங்கு, உன் இஷ்டம். ஊரு பார்த்துக்கிட்டுத்தான் இருக்கும்” என்றேன்.

பெயர் கூப்பிடுவது எங்களுக்கு விளையாட்டு இல்லை. விருந்தில் பங்கு வைக்கும்போது தன் வீட்டுப் பெயர் விடுபட்டுப் போனதால் இருபது வருஷம் பேசாமலிருக்கிற அண்ணன் தம்பிகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். கூப்பிட்ட பிறகு பங்கை எடுக்காமல் போவது அதைவிடப் பெரிய குற்றம். ஆகவே தராரே போதகர் வீட்டை முதலில் கூப்பிட்டதுமே எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கறுப்புப் பாறைக்கு மேலே தொங்கும் கூடு அவருக்கு என்றேன். போதகர் எழுந்து, மீன் பங்கு வாங்குகிற முகத்தோடு, “பெற்றுக்கொண்டேன்” என்றார்.

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. இரண்டாவது வளைவில் சாய்ந்த மரம், தகரம் துருப்பிடித்த மரம், சின்ன அருவிக்கு இடப்பக்கம். போகப்போகப் பொறாமை கிளம்பியது. அவனுக்கு ஓடைக்குப் பக்கத்தில், எனக்கு மட்டும் மேட்டிலா என்று ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். என் கூட்டில் எத்தனை முட்டை, அவன் கூட்டில் எத்தனை என்று விசாரணை நடந்தது. எலி தின்றுவிட்டால் மாற்றுப் பங்கு கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். கிடைக்காது, அந்த வீட்டுப் பங்கை எலிக்கு விட்டார்கள் என்று ஊர் பேசும், அவ்வளவுதான் என்றேன். அவர் உடனே, மரத்தில் சுற்றுகிற தகரம் எங்கே கிடைக்கும் என்றார்.

போகோவுக்கு எந்தக் கூடு என்று நான் ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தேன். மெஷினைச் சாய்த்து வைத்திருந்தானே, அதே மரம். அவனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தண்ணீருக்கு மேலே காட்டினேன். பாசிக் கிண்ணத்துக்கு மேலே ஒரு பக்கம் வாலும் ஒரு பக்கம் அலகும் தெரிந்தன. சாம்பல் நிறம், பெரிய பெண். எங்களைப் பார்த்தும் அவள் எழவில்லை. போகோ வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு மெதுவாகத் திரும்பி மொத்த ஊரையும் அதட்டினான்.

“சத்தம் போடாதீங்கப்பா. என் ஆளு அடைகாக்குறா.”

இத்தனை வருஷத்தில் அவன் ஒரு காகெரோரியை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை. அவனுடைய குருவி, அவனுடைய நிலம். அவனை வெளியே நிறுத்தியது நாங்கள்தான் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. தராரே அடுத்த வீட்டைக் கூப்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார்.

“அவ்வளவுதான்ணே.”

“இன்னும் வீடு இருக்கே” என்றார் தணிந்த குரலில்.

“கூடு இல்லையே.”

பங்கு கிடைக்காத வீட்டுக்காரர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலடியைப் பார்த்தார்கள். என் வீடும் அதில் ஒன்று. பிரிக்கிறவன் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்பதால் தலைவர் வீடும் அதில் ஒன்று. நூரோவா அண்ணி கூடையை விட்டு எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“எங்க வீட்டுப் பேரைக் காணோம்.”

தராரே மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். ராவுயி திறந்த பிறகு ஒரு வீட்டுக்காவது பங்கு எட்டாமல் போனால் அந்தத் திறப்பு செல்லாது. தலைவர் மறுபடியும் மூடலாம், மூடியே ஆக வேண்டும். அதில் தலைகுனிவு எதுவும் இல்லை, எந்த ஊரும் சிரிக்காது. எங்கள் கழியில் என் பாட்டன் காலத்தில் ஒரு தடவை சிப்பிக்கு அப்படி நடந்திருக்கிறது. அவருக்கும் அது தெரியும், அவர் தொழிலே அதுதான். நான் எதற்காக அவரைப் பங்கு போடக் கூட்டிவந்தேன் என்பது அப்போது அவருக்குப் புரிந்தது. தாடியைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டார். வழக்கமாக அரை மணி பேசுகிற மனிதர் அன்றைக்கு மிகவும் கொஞ்சமாகப் பேசினார்.

“தேறிடுச்சுன்னு உலகம் சொல்லட்டும், நல்லதுதான். என் பொண்டாட்டிக்குக் குடுக்க ஒரு குருவி இல்லை. அப்ப இன்னும் பத்தலை. நான் அவசரப்பட்டுட்டேன். மூடறேன்.”

யாரும் மறுக்கவில்லை. ஒருவர் தென்னங்கீற்று வெட்டிக்கொண்டு வந்தார். தராரே துறையின் இரண்டு பக்கமும் தன் கையாலேயே கட்டினார். கிடைத்த பங்கு கிடைத்ததுதான், அது அந்தந்த வீட்டுக்கே என்றார். மாயிரேவை மேற்கே வேறு சரிவில் பறித்துக்கொள்ளலாம் என்று பெண்களே பேசி முடிவு செய்துகொண்டார்கள். முட்டைகள் தப்பின.

நான் வாளியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அண்ணி வழியை மறித்து நின்றாள்.

“எங்களுக்கு எப்ப வரும்?”

“இந்தப் பருவத்துல குஞ்சு பொரிச்சுப் பறந்து, அதுங்க ஜோடி சேர்ந்தா வரும் அண்ணி. எலி தின்னாட்டா.”

“எலி தின்னாம இருக்க என்ன பண்ணணும்?”

வாளியைக் காட்டினேன். இத்தனை நாளும் மூன்று பேர் தூக்கினோம், வருகிற வருஷத்திலிருந்து நான் ஒருத்திதான் என்று சொன்னேன். அண்ணி என் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினாள். முதலில் கையுறை போடுங்கள், அது விஷம் என்று பின்னாலேயே ஓடி மாட்டிவிட வேண்டியதாயிற்று.

“பங்கு கிடைச்சவங்க வீட்டுக்குப் போங்க. கிடைக்காதவங்க என் பின்னால வாங்க” என்றாள்.

கீற்று தடுப்பது எடுக்கப் போகிறவர்களைத்தான், காக்கப் போகிறவர்களை இல்லை. பங்கு கிடைத்தவர்களும் வீட்டுக்குப் போகவில்லை. என் மரத்துக்கு நான் மருந்து வைக்காமல் வேறு எவன் வைப்பான் என்று போகோ மெஷினை ஓடைக்கரையிலேயே போட்டுவிட்டு மேலே ஏறினான். போதகர் இடுப்புத் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டார். தராரே கடைசியில் ஏறினார், இந்தத் தடவை ஒரு வார்த்தையும் பேசாமல். கூடுகள் இருக்கிற இடம் வந்ததும் ஒருவரையொருவர் வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்லி, மொத்த ஊரும் திருடப் போகிறவர்களைப் போல அடிமேல் அடி வைத்துப் போனது.

பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக நான் வெறுங்கையோடு அந்த ஓடையைக் கடந்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அழுகை வந்தது, அழுதுகொண்டே அவர்கள் பின்னால் ஏறினேன்.